ஆள் ஒன்று, வரி ஒன்று: வாவிக்கரைப் பட்டியல்களும் தொடர்புடைமைத் தரவுத்தளமும்

1. நோக்கம்

பட்டியல் எழுதுதல் ஆட்சியின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. வரி இறுப்போர் யாவர், நிலமுடையோர் யாவர், படைக்கு ஆள் தருவோர் யாவர் என்று மக்களை வகுத்தெழுதாத அரசைக் காண்பது அரிது. வழமையான காலத்தில் இப்பட்டியல்கள் அலுவலகத்து அலுமாரிகளில் உறங்குகின்றன. மக்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், பெருந்துயர் ஒன்று நேரும்போது பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் உணவுக்கும் உறைவிடத்துக்கும், சிலவேளைகளில் உயிருக்குமே உரிய வினாவாகிவிடுகின்றது.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளைத் தாக்கியபோது நாடெங்கும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டிலே வாழ்ந்த மக்கள் பேரிழப்புக்கு ஆளாயினர். நாவலடி, டச்பார், கல்லடி, பூநொச்சிமுனை முதலாய ஊர்களிலிருந்து தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சம் புகுந்தனர். உடனேயே பட்டியல்கள் தொடங்கின. கிராம உத்தியோகத்தர் ஒன்று எழுதினார். மருத்துவமனை ஒன்று எழுதியது. தொண்டு நிறுவனங்கள் தத்தமக்கென எழுதின. வாவியின் மேற்கே, அந்நாளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த படுவான்கரைப் பகுதிகளில் வேறோர் எழுத்து நடைபெற்றது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு பட்டியலும் நேர்மையானதாக இருக்கலாம். எனினும் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒரே தாய் மூன்று இடங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் மூவராகத் தோன்றுவாள். அவள் தேடும் பிள்ளை நான்காவது பட்டியலில் பெயரற்ற ஒருவனாக இருப்பான்.

ஒரே உண்மை பல இடங்களில் எழுதப்படும்போது எழும் இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கென்றே கணனி இயலில் ஒரு கோட்பாடு தோன்றியது. அதுவே தொடர்புடைமைத் தரவுத்தளக் கோட்பாடு. அக்கோட்பாட்டின் அடிப்படைகளை வாவிக்கரை வாழ்வின் சான்றுகளோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தரவுத்தளம் பொறியியலாளருக்கு மட்டும் உரிய பொருள் என்ற கருத்து எம்மிடையே உண்டு. அக்கருத்துப் பிழையானது என்பதையும், ஓர் அட்டவணையின் ஒவ்வொரு நிரலும் ஒரு சமூகத் தீர்மானம் என்பதையும் நாம் இங்கு காட்ட முயல்வோம்.

2. கோட்பாட்டின் பிறப்பு

1960களின் கணனித் தரவுத் தொகுதிகள் மரத்தின் கிளைகளைப் போல அமைந்தன. தலைமைப் பதிவொன்று, அதன் கீழ்க் கிளைப்பதிவுகள், அவற்றின் கீழ் இன்னும் சில எனத் தரவு அடுக்கப்பட்டது. ஒரு செய்தியை அடைய விரும்பியவர் அதற்குச் செல்லும் வழி முழுவதையும் அறிந்திருத்தல் வேண்டும். வழி மாற்றப்பட்டால் எழுதப்பட்ட நிரல்கள் யாவும் பயனற்றுப்போயின. முகாமிலிருந்து குடும்பத்துக்கும் குடும்பத்திலிருந்து ஆளுக்கும் செல்லுமாறு அமைந்த ஒரு தொகுதியில், ஆளிலிருந்து தொடங்கி அவர் எந்த முகாமில் உள்ளார் என்று வினவுவது கடினமாயிற்று. காணாமற்போனவரைத் தேடுவோர் கேட்கும் வினாவோ இப்பின்னையதே.

1970 யூனில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கார் கொட் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்நிலையை மாற்றியது. கணிதத்தின் கணக்கோட்பாட்டிலிருந்து 'தொடர்பு' என்னும் கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். தொடர்பு என்பது ஈண்டு அட்டவணைகளுக்கிடையேயான இணைப்பைக் குறிப்பதன்று, அட்டவணையையே குறிப்பது. ஒரு வரி ஓர் உண்மைக் கூற்று. 'இந்த ஆள் இந்த நாளில் இந்த முகாமுக்கு வந்தார்' என்பது போன்ற கூற்றுகளின் தொகுதியே ஓர் அட்டவணை. தரவு எங்கே, எவ்வழியில் வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறியவேண்டியதில்லை. எது வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும். வழியைப் பொறியே தேர்ந்துகொள்ளும். இது தொழில்நுட்ப வசதி மாத்திரமன்று. முன்கூட்டி எவரும் எண்ணியிராத வினாவையும் பின்னொருநாள் கேட்கக்கூடிய உரிமையைத் தரவின் வாசகருக்கு இது அளித்தது.

கொட் 1981இல் டியூரிங் விருது பெற்றார். அவரது கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டமும், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்டோன்பிறேக்கர், இயூஜின் வொங் ஆகியோரின் இங்கிறெஸ் திட்டமும் 1970களில் செயலாக்கிக் காட்டின. பேர்க்லியினர் யூனிக்ஸ் இயங்கிய சிறு கணனிகளில், பலர் ஒருங்கே பயன்படுத்தத்தக்க முறையில் அதை அமைத்தமை குறிப்பிடத்தக்கது. அவ்வழியில் 1986இல் போஸ்ற்கிறெஸ் திட்டம் தோன்றியது. 1995இல் சுவீடனிலிருந்து மைஎஸ்கியூஎல் வெளிவந்தது. ஒருபுறம் ஒறக்கிள் போன்ற பெருநிறுவனங்கள் தரவுத்தள மென்பொருளை உயர்ந்த விலைக்கு விற்க, மறுபுறம் லினக்ஸ் இயங்கும் மலிவான கணனியொன்றையே வழங்கியாக வைத்து, மூலநிரல் திறந்த தரவுத்தளத்தைப் பலரின் பணிநிலையங்களுக்குப் பொதுவாக்கும் வாய்ப்பு உருவாயிற்று. வறிய நாடொன்றின் தன்னார்வலர் சில வாரங்களில் ஒரு தேசியத் தரவுத்தளத்தைக் கட்டத் துணிந்ததற்கு இவ்வரலாறே அடித்தளமாகும்.

3. சஹானா

2005 ஜனவரியில், இலங்கையின் கணனித்துறையைச் சேர்ந்த தன்னார்வலர் பலர் கொழும்பில் ஒன்றுகூடி ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான மென்பொருள் ஒன்றை எழுதினர். லங்கா மென்பொருள் மன்றம் இம்முயற்சிக்கு நிலைக்களமாயிற்று. இதற்கு இடப்பட்ட பெயர் சஹானா. நிவாரணம் என்பது சிங்களத்தில் அச்சொல்லின் பொருள். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகிய திறந்த மூலக் கருவிகளின் மீது அது கட்டப்பட்டது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளையும் வழங்கல்களையும் இணைக்கும் பகுதி என்பன அதன் முதன்மைக் கூறுகள். எந்த நிறுவனம் எங்கே எவ்வுதவியைச் செய்கின்றது என்பது ஒருவருக்கொருவர் தெரியாதிருந்தமையால், சில முகாம்களில் உதவி குவியவும் சிலவற்றை அது எட்டாதிருக்கவும் நேர்ந்த சூழலில் இந்நான்கு கூறுகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

அதன்பின் இம்மென்பொருள் 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம் ஆகியவற்றின்போதும், 2010இல் ஹெய்ற்றி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கான தனது விருதினை 2006ஆம் ஆண்டுக்கு சஹானாவுக்கு வழங்கியது. 2009இல் அதற்கெனத் தனி அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. இத்தீவில் பிறந்த மென்பொருள்களுள் இத்துணை உலகப்பயன் கண்டவை மிகச் சிலவே.

சஹானாவின் வரலாற்றை எழுதுதல் எமது கருத்தன்று. அத்தகைய ஒரு தரவுத்தளம் மட்டக்களப்பு வாவியின் இருகரை மக்களையும் உள்ளவாறு எழுதிக்கொள்வதற்கு எவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

4. சாவியும் பெயரும்

தொடர்புடைமைத் தரவுத்தளத்தின் முதல் விதி, ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஏனைய வரிகளிலிருந்து ஐயமின்றி வேறுபடுத்தத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது. அவ்வாறு வேறுபடுத்தும் கூறினை முதன்மைச் சாவி என்பர். மற்றோர் அட்டவணையில் அதே சாவி எழுதப்படும்போது அது அந்நியச் சாவி எனப்படும். முகாமில் தங்கியோரின் அட்டவணையில் ஆளின் பெயரையும் வயதையும் மீண்டும் எழுதாமல் அவரது சாவியை மட்டும் எழுதினால், பெயரிலுள்ள பிழையை ஓரிடத்தில் திருத்துவதே போதுமானது. ஆள் ஒன்று, வரி ஒன்று என்பதே இதன் சாரம்.

வாவிக்கரையில் ஆளுக்குரிய சாவி எது? பெயர் ஆகாது. எமது மக்களின் பெயருக்கு மேனாட்டார் கருதும் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோ முழுப்பெயரோ முன்னே நிற்கும். மணமான பெண்ணுக்குச் சில பத்திரங்களில் கணவன் பெயர் அவ்விடத்தைப் பெறும். 'முதற்பெயர், கடைசிப்பெயர்' என இரு நிரல்களை வைத்திருக்கும் அட்டவணையில், ஓர் எழுதுவினைஞர் தந்தை பெயரை முதலாவதிலும் மற்றொருவர் இரண்டாவதிலும் எழுதுவர். எழுத்துக்கூட்டலோ இன்னும் சிக்கலானது. இராசம்மா, ராசம்மா, ராஜம்மா மூவரும் ஒருவரே ஆகலாம். முகம்மது, முகமது, முஹம்மத் என்பனவும் அவ்வாறே. இவை ஆங்கில எழுத்துக்குப் பெயர்க்கப்படும்போது வேறுபாடுகள் மேலும் பெருகுகின்றன. ஒலியொத்த பெயர்களைத் தேடுவதற்குச் சவுண்டெக்ஸ் என்னும் பழைய முறையொன்று உண்டு. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அது ஆங்கில ஒலிப்பைக் கருதியே வகுக்கப்பட்டது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஒருவர் மயக்கி எழுதக்கூடும் என்பதை அது அறியாது. தமிழ் ஒலியியல் அறிந்தவரே வகுக்கவேண்டிய ஒப்பீட்டு விதிகள் இவை.

எழுத்துருச் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. நீண்டகாலமாக எமது அலுவலகங்களில் தமிழ் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டது. திரையில் அது தமிழாகத் தோன்றினும் கணனியின் உள்ளே இலத்தீன் எழுத்துகளின் தொடராகவே கிடந்தது. மேலும், ஒகர உயிர்மெய்யின் முன்னுள்ள கொம்பு தனிக்குறியாக முதலில் எழுதப்பட்டமையால், கொ என்பது ககர வரிசையில் அன்றிக் கொம்பின் வரிசையில் அடுக்கப்பட்டது. யூனிக்கோட் தரத்தில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருப்பினும், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் யூனிக்கோட்டை ஏற்கத் தொடங்கியது அதன் 4.1 பதிப்பிலேயே. அப்பதிப்பு பொதுப்பயனுக்கு வந்தது 2004 ஒக்ரோபரில். பேரலைக்கு இரண்டு மாதங்களே முன்னர்.

பெயர் சாவியாகாதெனின் தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகலாமே எனலாம். அந்நாளில் அது ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாயிற்று. பிறந்த ஆண்டும், ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதும் அதனுள் அடங்கியுள்ளன. பெண்களுக்கு அந்நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். சாவிக்குள்ளேயே செய்தியைப் பொதிந்துவைத்த இவ்வமைப்பில், பிறந்த திகதி பிழையாகப் பதியப்பட்டிருந்தால் ஆளின் அடையாளமே பிழையாகிவிடுகின்றது. அதனினும் முக்கியமானது, அவ்வட்டை 16 வயதுக்கு மேற்பட்டோருக்கே அப்போது வழங்கப்பட்டது என்பது. பேரலையில் மிகுதியாகத் தேடப்பட்டோரோ குழந்தைகள். அட்டை இருந்தோரும் அதனைக் கடலுக்கு இழந்திருந்தனர். கிழக்குக் கரையின் மருத்துவமனை ஒன்றில் பெயர் தெரியாத கைக்குழந்தைக்கு அன்றைய சேர்க்கை எண்ணே பெயராயிற்று. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனையும் நீதிமன்றமுமே அக்குழந்தையைப் பெற்றோருடன் சேர்த்தன. அவ்வெண் தற்செயலாக இடப்பட்டது எனினும் தரவுத்தள நோக்கில் அது செம்மையான சாவியே. பொருளற்ற எண், ஆளைப்பற்றி எதனையும் முன்முடிவு செய்வதில்லை. பெயர், வயது, பெற்றோர் என்பன பின்னர் நிறுவப்படவேண்டிய கூற்றுகளாக அதன் பக்கத்தில் காத்திருக்கலாம்.

5. பலர் ஒரேவேளையில் எழுதும்போது

பல்பயனர் தொகுதியின் தனிச்சிக்கல் இங்கு விளக்கப்படவேண்டியது. மாவட்டக் களஞ்சியத்தில் 100 கூடாரங்கள் உள்ளன என எடுத்துக்கொள்வோம். இரு அலுவலர் தத்தம் பணிநிலையங்களிலிருந்து ஒரே கணத்தில் தரவுத்தளத்தை நோக்குகின்றனர். இருவர் திரையிலும் 100 என்றே தோன்றும். ஒருவர் 80ஐக் கல்லடிக்கு ஒதுக்கி மீதி 20 என எழுதுகின்றார். மற்றவர் 70ஐ வாகரைக்கு ஒதுக்கி மீதி 30 என எழுதுகின்றார். பின்னெழுதியது முன்னெழுதியதை அழிக்கின்றது. ஏட்டில் 30 கூடாரங்கள் எஞ்சியுள்ளன. உண்மையில் 150 வாக்களிக்கப்பட்டுவிட்டன. இதில் பொய் சொன்னவர் எவருமில்லர்; ஆயினும் வாகரைக்குச் செல்லும் பாரவூர்தியில் கூடாரங்கள் குறையும்.

இதனைத் தடுப்பதற்கே பரிமாற்றம் என்னும் கருத்து எழுந்தது. ஒதுக்கீடு செய்தல், இருப்பைக் குறைத்தல், வழங்கற்பட்டியல் எழுதுதல் ஆகிய செயல்கள் ஒரு கட்டாகக் கொள்ளப்படும். முழுவதும் நிறைவேறும், அல்லது ஒன்றுமே நிகழாததாகும். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு மக்கள் 'பாதை' எனப்பட்ட மிதவையிலேயே வாவியைக் கடந்தனர். பாதை ஏறியவர் அக்கரை சேர்வார், இல்லையேல் புறப்பட்ட கரைக்கே திரும்புவார். நடுவாவியில் எவரும் இறக்கிவிடப்படுவதில்லை. பரிமாற்றமும் அத்தகையதே. ஒருவர் ஓர் இருப்பை மாற்றிக்கொண்டிருக்கையில் அவ்வரி பூட்டப்படும். மற்றவர் காத்திருந்து புதிய எண்ணைக் கண்ட பின்னரே எழுதுவார். இத்துறையில் ஆழ்ந்து உழைத்த ஜிம் கிறேய் 1998இல் டியூரிங் விருது பெற்றார்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அக்காலத்து இயல்பு அட்டவணை வகையாகிய மையிசாம், பரிமாற்றத்தையோ அந்நியச் சாவிக் கட்டுப்பாட்டையோ ஆதரிக்கவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அவற்றை ஆதரிக்கும் இன்னோடிபி வகையை வடிவமைப்பாளர் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 2010இல் வெளிவந்த 5.5 பதிப்பிலேயே அது இயல்பு வகையாயிற்று. இலவசமாகக் கிடைக்கும் கருவியையும் அறிந்து தேர்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

பூட்டும் பரிமாற்றமும் ஒரே வழங்கியை அனைவரும் எட்டக்கூடிய இடத்திலேயே பயன்தரும். ஒரு பாலத்துக்கும் சோதனைச் சாவடிக்கும் அப்பால், தொலைபேசியும் மின்னும் அற்ற ஊரில் எழுதப்படும் ஏட்டுக்கு அவை எட்டா. அங்கெல்லாம் பட்டியல்கள் தனித்தனியே வளர்ந்து பின்னரே ஒன்றுசேர்க்கப்படும். அப்போது இருவேறு வரிகள் ஓராளையே குறிக்கின்றனவா என்பதை அவ்வூரை அறிந்த ஒருவர் தீர்மானிக்க வேண்டும். கணனி ஐயத்தைச் சுட்டலாம், தீர்ப்பு மனிதருடையது.

6. 'குடும்பத் தலைவர்' என்னும் நிரல்

எமது வாதத்தின் மையம் இப்பகுதியிலேயே உள்ளது. நிவாரணத்துக்கும் வீட்டுக்குமான படிவங்கள் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரியை வைத்து, அதன் தொடக்கத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற நிரலை அமைக்கின்றன. அதில் ஆணின் பெயரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. மட்டக்களப்பின் சமூக அமைப்போ வேறானது. இங்கு குடிவழி தாய்வழியே செல்வது. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இவ்வழமை நிலவுகின்றது. மணமாகும் மகளுக்குத் தாய்வீடோ புதிய வீடோ சீதனமாக வழங்கப்படும். கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். வீடும் வளவும் பெண்ணுக்கு உரியவை. முக்குவர் வழமைச்சட்டத்தின் நீண்ட பின்னணி இதற்குண்டு. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றை மையமாகக்கொண்டு இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பேரலைக்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றரும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் கட்டட விலக்கு வலயமென அறிவிக்கப்பட்டன. பின்னர் இது தளர்த்தப்பட்டதாயினும், கரையோரத்தில் வாழ்ந்தோர் பலர் வேறிடங்களில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் பெயர்ந்தனர். கிழக்கில் அவ்வாறு வழங்கப்பட்ட புதிய வீடுகள் பலவற்றின் உரிமை, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டமையை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். கடல் கொண்டது பெண்ணின் வீடு. பட்டியல் ஈந்தது ஆணின் வீடு. தலைமுறைகளாகப் பெண்ணுக்கு இருந்த பாதுகாப்பு ஒரு நிரலின் தலைப்பினால் ஆட்டங்கண்டது.

கொட்டின் கோட்பாடு இதனை எவ்வாறு நோக்கும்? ஓர் அட்டவணையில் ஒவ்வொரு செய்தியும் அதன் சாவியையே, முழுச் சாவியையே, சாவியன்றி வேறெதனையும் சாராதிருத்தல் வேண்டும் என்று அக்கோட்பாடு கூறும். இவ்வொழுங்கைச் செவ்வனாக்கல் என்பர். வீட்டின் உரிமை குடும்பத்தைச் சார்ந்ததன்று; வீட்டையும் ஆளையும் சார்ந்தது. குடும்பத்தின் தலைமையோ தனியான மற்றொரு செய்தி. இரண்டையும் ஒரே வரியில் அடைப்பது கோட்பாட்டுக்கே முரணானது. ஆகவே அட்டவணைகள் பின்வருமாறு பிரிக்கப்படல் வேண்டும்:

ஆள்: ஆள் எண், பெயர், பிறந்த ஆண்டு, தாயின் ஆள் எண், தந்தையின் ஆள் எண்.
குடும்பம்: குடும்ப எண், கிராம உத்தியோகத்தர் பிரிவு.
உறுப்புரிமை: குடும்ப எண், ஆள் எண், உறவுமுறை.
வீடு: வீட்டு எண், இடம், கடலிலிருந்து தூரம்.
வீட்டுரிமை: வீட்டு எண், ஆள் எண், உரிமை பெற்ற வகை, தொடங்கிய நாள், முடிந்த நாள்.
தங்கல்: ஆள் எண், முகாம் எண், வந்த நாள், சென்ற நாள்.

இவ்வாறு பிரித்தபின், ஒற்றை வரிப் படிவத்தில் கேட்கவே இயலாத வினாவொன்றைக் கேட்கலாம்: பேரலைக்கு முன் பெண்ணின் உரிமையாயிருந்து, மீள வழங்கியபோது ஆணின் பெயருக்கு மாறிய வீடுகள் எவை? வீட்டுரிமை அட்டவணையை ஆள், உறுப்புரிமை அட்டவணைகளோடு இணைத்தால் விடை கிடைக்கும். ஒரு வீட்டுக்கு இருவர் உரிமையாளராயின் வீட்டுரிமை அட்டவணையில் இரு வரிகள் எழுதினால் போதும். படிவத்தில் இடமில்லை என்று எவரையும் திருப்பியனுப்ப வேண்டியதில்லை. செவ்வனாக்கல் சேமிப்பிடத்தைச் சிக்கனப்படுத்தும் உத்தி என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. வாவிக்கரையில் அதன் பொருள் வேறு: ஒருவருக்குரிய உண்மையை மற்றொருவரின் வரிக்குள் மறைக்காதிருத்தல்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பொறி இந்நீதியைத் தானே வழங்குவதில்லை. வீடு பெண்ணுக்குரியது என்பதை அறியாத வடிவமைப்பாளர் அவ்வட்டவணையை வகுக்கமாட்டார். எந்தெந்தச் செய்தி எதனைச் சார்ந்துள்ளது என்பது கணிதத்தால் கண்டறியப்படுவதன்று. சமூகத்தை அறிந்தே கண்டறியப்படுவது.

7. வெற்றிடத்தின் பொருள்

தரவுத்தளத்தில் ஒரு செய்தி தெரியாதிருப்பின் அவ்விடத்தை வெற்றாக விடலாம். இவ்வெற்று, சுழியமும் அன்று, 'இல்லை' என்பதும் அன்று. அதனோடு எதனை ஒப்பிட்டாலும் விடை மெய்யுமாகாது பொய்யுமாகாது. 'அறியப்படவில்லை' என்ற மூன்றாம் நிலையே கிடைக்கும். இதனைக் கொட் ஏற்றார், சி. ஜே. டேற் போன்றோர் இது குழப்பம் விளைவிக்கும் என மறுத்தனர். இறந்த நாள் என்ற நிரல் வெற்றாயிருந்தால் அவர் உயிரோடிருக்கின்றார் என்றா, இறந்தாரா என்பது தெரியவில்லை என்றா பொருள்? இறந்தோரை எண்ணும் வினாவிலும் உயிரோடிருப்போரை எண்ணும் வினாவிலும் அவர் விடுபட்டுவிடக்கூடும்.

மட்டக்களப்பு மக்களுக்கு இது ஏட்டளவிலான விவாதமன்று. 2005ஆம் ஆண்டின் சுனாமி (சிறப்பேற்பாடுகள்) சட்டம், அலையில் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கு வழிசெய்தது. அங்கு காரணமும் நாளும் அனைவரும் அறிந்தவை. ஆயின் 1990 செப்தெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதிமுகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேருக்கும், அவ்வாண்டு யூலையில் குருக்கள்மடம் வழியே பயணஞ்செய்து காணாமற்போன முஸ்லிம் மக்களுக்கும் எந்நாளை எழுதுவது? மரணச்சான்றிதழ் பெற்றால் தேடும் உரிமையைக் கைவிட்டதாகும் என்று தாய்மார் அஞ்சினர். பெறாவிடில் காணியும் வங்கிக்கணக்கும் முடங்கின. 2016இல் மரணப்பதிவுச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற புதிய பத்திரத்தை ஏற்படுத்தியது. இறந்தவர், உயிரோடிருப்பவர் என்ற இருநிலைக்கு அப்பால் மூன்றாம் நிலையொன்றைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது இதனாலாகும். எனவே நல்லதொரு தரவுத்தளம் இந்நிலையை வெற்றிடமாக விடாது, தனிக்கூற்றாக எழுதவேண்டும்: யார், எந்நாளில், எவ்விடத்தில், எவரால் இறுதியாகக் காணப்பட்டார் என்பது. வெற்றிடம் மறதிக்கு இடந்தரும். கூற்றோ விடை கேட்டு நிற்கும்.

8. முடிவுரை

பட்டியல் காக்கும் கருவியாதல் போலவே அழிக்கும் கருவியுமாகலாம். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்தோர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தமை பதிவாகியுள்ளது. ஆதலின் யார் எதனைப் பார்க்கலாம், யார் எதனை மாற்றலாம் என்ற அனுமதி வரம்பும், எந்த மாற்றத்தை எவர் எப்போது செய்தார் என்ற சுவடும் தரவுத்தள அமைப்பின் இன்றியமையா உறுப்புகள். உதவி வேண்டித் தரப்பட்ட பெயர் உளவுக்குப் பயன்படலாகாது. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டமும் 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விரு முனைகளையும் தொடுகின்றன. அவற்றைக் கையாள மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். தொடர்புடைமைத் தரவுத்தளம் உண்மையை ஓரிடத்தில், ஒருமுறை, முரணின்றி எழுதிவைக்கும் ஒழுங்கினைத் தருகின்றது. எது உண்மை, எவருடைய உண்மை என்பதை அது தீர்மானிப்பதில்லை. நிரல்களுக்குத் தலைப்பிடும் மேசையில் பொறியியலாளர் மட்டும் அமர்ந்திருந்தால், தாய்வழிக் குடியும், குடும்பப்பெயரற்ற பெயரும், பாமினியில் கிடக்கும் பழைய ஏடும், காணாமற்போன மகனும் அட்டவணைக்கு வெளியே நிற்பர். அம்மேசையில் மொழியியலாளரும் சமூகவியலாளரும், அவர்களினும் முதன்மையாக அவ்வூர்ப் பெண்களும் இடம்பெறல் வேண்டும்.

தமிழியல் ஆய்வாளராகிய எமக்கு இங்கே உடனடிப் பணிகள் உள. தமிழ்ப் பெயர்களை ஒலியொப்புமையால் ஒப்பிடும் விதிகளை வகுத்தல், வட்டார உறவுமுறைச் சொற்களைத் திரட்டி உறுப்புரிமை அட்டவணைக்கு உரியவாறு ஒழுங்குசெய்தல், பழைய எழுத்துருக்களில் உள்ள ஊர்ப் பதிவேடுகளை யூனிக்கோட்டுக்கு மாற்றுதல் என்பன அவற்றுட் சில. அடுத்த பேரிடர் நாள்குறித்து வருவதில்லை. அது வரும் காலையில் பாடசாலை விறாந்தையில் நின்று தன் பிள்ளையின் பெயரைச் சொல்லும் தாய்க்கு, அவள் சொல்லும் எழுத்திலேயே அப்பெயரைக் கண்டெடுக்கும் அட்டவணை ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.